வட்டத்துக்குள் தண்டவாளம்

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டு நானாக ஆசைப்பட்டு வாங்கியதல்ல. ஜி.ஐ.எஸ். பயிற்சி கொடுக்க வந்திருக்கும் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: தினமும் என்ன கற்றோம், எங்கே போனோம், என்ன தப்புச் செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். தப்பை எழுதி வைக்காதவர் அதையே மறுபடி செய்வாராம். ஆகவே எழுதுகிறேன். சொந்த விஷயம் எதுவும் இதில் வராது.

வாகைநத்தம் நகராட்சியிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரமைப்புப் பிரிவில் இளநிலை உதவியாளனாக இருக்கும் நான் ஒருவன். வரி வசூல் பிரிவு ரத்தினகுமார் இன்னொருவர். என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மேலாளரைக் கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்காத ஆள் நீதான் என்றார். ரத்தினகுமாரை ஏன் என்றதற்கு, அவர் ஒரு மாதம் இல்லாமல் போனாலும் பிரிவில் யாரும் தேட மாட்டார்கள் என்றார். இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

மேடம் பெயர் ஷப்னம். கோவைக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஜி.ஐ.எஸ். என்றால் வரைபடமும் அட்டவணையும் ஒன்றாகச் சேர்ந்தது என்று ஆரம்பித்தார். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதையும், அது எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுமாம். பூமியில் இருக்கும் எதையும் மூன்றில் ஒன்றாக வரைந்துவிடலாம். தெருக்குழாய் புள்ளி. சாலை கோடு. குளம் பரப்பு. ரத்தினகுமார் சும்மா இருக்காமல், “நான் எதுல வருவேன் மேடம்?” என்று கேட்டார். “தூரத்துல இருந்து பாத்தா புள்ளி சார். கிட்ட வந்தா பரப்பு” என்றார் மேடம். ரத்தினகுமார் நல்ல உடம்புக்காரர். அவரே முதலில் சிரித்தார்.

அடுத்து லேயர். குழாய்கள் ஒரு லேயர், சாலைகள் ஒரு லேயர், ரயில் பாதை ஒரு லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி. பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்தால் அந்த லேயர் மறைந்துவிடும். மறையுமே தவிர ஊரில் அது இல்லாமல் போகாது என்று மேடம் இரண்டு தடவை சொன்னார். இதை ஏன் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா வேடசந்தூர் வரன் ஒன்றைப் பற்றி ஆரம்பித்தார். முப்பத்தேழு வயதில் வரும் வரன்களை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடக் கற்றுக்கொண்டுவிட்டேன். இது சொந்த விஷயம். அடித்தால் பக்கம் அசிங்கமாகும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 4, புதன்

இன்றைய தப்பு என்னுடையது. பெரிய தப்பு.

ஊரின் தெருக்குழாய்கள் எல்லாவற்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஏற்கெனவே ஒரு கோப்பில் இருந்தன. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடத்தில் காட்டச் சொன்னார் மேடம். எந்தப் பத்தி எக்ஸ், எந்தப் பத்தி ஒய் என்று அது கேட்டது. அட்சம் என்றுதானே முதலில் சொல்கிறோம், அதுதான் எக்ஸாக இருக்கும் என்று கொடுத்துவிட்டேன். ஒரு குழாயைக்கூடக் காணவில்லை. ரத்தினகுமார் வரைபடத்தைச் சுருக்கிச் சுருக்கி உலகம் முழுவதையும் திரைக்குக் கொண்டுவந்தார். நார்வேக்கு வடக்கே, வட துருவத்துக்குக் கொஞ்சம் கீழே, பனிக்கடலில் எங்கள் ஊர்க் குழாய்கள் மொத்தமும் ஒரு கொத்தாகக் கிடந்தன.

தெரு பெயரோடு கிடந்தன. பூங்கா தெரு முதல் குழாய், பூங்கா தெரு இரண்டாம் குழாய்.

இனிமேல் கோடையில் தண்ணீர்ப் பிரச்சினை வராது என்றார் ரத்தினகுமார். மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இந்தத் தப்பைச் செய்யாமல் யாரும் இந்த வேலையைக் கற்றதில்லை என்று சமாதானம் சொன்னார். நம் ஊருக்கு அட்சம் பத்தரைக்குள், தீர்க்கம் எழுபத்தெட்டுக்குப் பக்கம். எக்ஸ் என்பது கிழக்கு மேற்கு, அதில் தீர்க்கம்தான் போக வேண்டும். இங்கே எழுதி வைத்துவிட்டேன். மறுபடி செய்ய மாட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

திங்கள் முதல் தெருவில் வேலை. ரேஷன் கடை, பொதுக் கழிப்பறை, அங்கன்வாடி என்று பொது இடங்கள் ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ப் புள்ளி எடுக்க வேண்டும். போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தார்கள். அது புள்ளியை மட்டுமல்ல, நாம் நடந்த தடத்தையும் தேதி நேரத்தோடு தானாகப் பதிந்துகொண்டே இருக்கும். பயிற்சி முடியும்வரை அதை அணைக்கவே கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார்.

எனக்கு ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள வார்டுகள். ஆபீசும் என் வீடும் மேற்கே. நடுவில் ஒரே ஒரு ரயில்வே கேட், அதுவும் ஊருக்கு வடகோடியில். வெயிலில் நடக்க வேண்டும். எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

புள்ளி எடுப்பது என்றால் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். திரையில் துல்லியம் முப்பது மீட்டர், இருபது மீட்டர் என்று மெதுவாகக் குறையும். ஐந்துக்குக் கீழே வந்த பிறகுதான் பதியலாம். ரேஷன் கடை வாசலில் இப்படி நின்றதற்கு, வரிசையில் நிற்காமல் முன்னால் வந்துவிட்டேன் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

ரயிலடி கிழக்குத் தெரு அங்கன்வாடியில் வேறு மாதிரி. வாசலில் பெரிய வேப்பமரம், கிளைகள் வானத்தை மறைப்பதால் துல்லியம் குறையவே இல்லை. நான் போனைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் இன்னொன்று. ஒன்று கையில் கரண்டியோடு வந்தது. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் அங்கன்வாடியே அசையாமல் நிற்கிறது.

டீச்சர் வெளியே வந்தார். பெயர் கிருஷ்ணவேணி. “சார், நீங்க நகந்தாத்தான் இவங்க நகருவாங்க. சாப்பாட்டு நேரம்” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, குரலில் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் சரக்கு ரயில் வந்தது. அங்கன்வாடிச் சுவருக்கு மேற்கே நாலு எட்டு வைத்தால் தண்டவாளம். பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் கம்பிக்கு ஓடினார்கள். டீச்சர் ரயில் பெட்டிகளை வைத்துத்தான் எண் கற்றுக்கொடுக்கிறார். பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து. ஆயா பஞ்சவர்ணம் அக்கா ஒவ்வொரு பத்துக்கும் ஒரு விரலை மடக்குகிறார். நானும் கூட எண்ணினேன். கடைசிப் பெட்டிக்குக் கையாட்ட வேண்டும் என்பது அங்கே விதி. ஆட்டினேன்.

புள்ளி சரியாக விழவில்லை. நாளை மறுபடி போக வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

அங்கன்வாடிப் புள்ளி எடுத்தாயிற்று. டீச்சர் திரையில் ஓடும் எண்களைப் பார்த்து என்னவென்று கேட்டார். விளக்கினேன். பனிக்கடல் கதையையும் சொன்னேன். சுண்டல் கொடுத்தார்கள்.

ஜூன் 11, புதன்

அந்தப் புள்ளி வாசலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதாகச் சந்தேகம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தள்ளி இல்லை.

ஜூன் 12, வியாழன்

அட்டவணை நிரப்பும் வேலை. ஒவ்வொரு புள்ளிக்கும் விவரம் சேர்க்க வேண்டும்: தண்ணீர் உண்டா, கழிப்பறை உண்டா, கூரை எப்படி, பிள்ளைகள் எத்தனை. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி. மேடம் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, மற்ற இடங்களுக்கெல்லாம் குறிப்பில் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறீர்கள், இந்த ஒரு அங்கன்வாடிக்கு மட்டும் எழுதியது பெட்டிக்குள் அடங்கவில்லை என்றார். ரயில் பெட்டி எண்ணும் முறை, பிள்ளைகளின் தாய்மார் அநேகமாக நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்ப்பது, டீச்சர் குரல், பெயர்ப் பலகை அழிந்து வெறும் துருவாக இருப்பது எல்லாம் எழுதியிருந்தேன். டீச்சர் குரலை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

பலகையைப் பற்றி வார்டு உறுப்பினர் செல்லத்துரையிடம் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகப் பஞ்சவர்ணம் அக்கா சொன்னார்.

ஜூன் 15, ஞாயிறு

ஓய்வு. சட்டையில் நீலப் பெயின்ட். துவைத்தும் போகவில்லை. எங்கே பட்டது என்று அம்மா கேட்டார். வீட்டு கேட்டில் உரசிவிட்டது என்றேன்.

எங்கள் வீட்டு கேட் பச்சை. அம்மா மண்ணெண்ணெய் எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள்

கிழக்குத் தெருவில் ஒரு கழிப்பறையின் புள்ளியைச் சரிபார்க்கப் போனேன். வழியில் அங்கன்வாடி. பலகை நீலத்தில் வெள்ளை எழுத்தோடு பளிச்சென்று இருக்கிறது. யார் செய்தது என்று தெரியாமல் காலையில் பஞ்சவர்ணம் அக்கா செல்லத்துரையைப் பார்த்து நன்றி சொல்லியிருக்கிறார். அவரும் இதெல்லாம் நம்ம கடமைதானே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடமை உணர்ச்சி உள்ள மனிதர்.

எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றார் டீச்சர். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று என்னுடைய நாள்.

பஃபர் கற்றோம். ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து ஐந்நூறு மீட்டர் என்று கொடுத்தால், அதைச் சுற்றி அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் தானாக வந்து நிற்கிறது. அங்கன்வாடிகள் எல்லாவற்றுக்கும் போட்டேன். இளஞ்சிவப்பு, மஞ்சள், வெளிர்பச்சை என்று நிறம் கொடுத்தேன். நடுவில் ரயில் பாதை லேயர் கரியால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடாக ஓடி அழகைக் கெடுத்தது. அதன் டிக்கை எடுத்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் காலண்டரில் அச்சடிக்கலாம் போல இருந்தது.

அந்த நேரம் ஆணையர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்து நின்றவர், சந்தைப்பேட்டை அங்கன்வாடியும் ரயிலடி கிழக்குத் தெரு அங்கன்வாடியும் ஒரே வட்டத்துக்குள் வருகிறதே என்றார். ஆமாம் சார், இரண்டுக்கும் நடுவில் நானூறு மீட்டர்தான் என்றேன். படத்தை அச்செடுத்துக் கேட்டார். என் பெயரைக் கீழே போட்டுக் கொடுத்தேன். அலுவலகத்தில் சேர்ந்து பதினோரு வருடத்தில் ஆணையர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மேடம் இன்று கோவை போயிருந்தார். இருந்திருந்தால் அவருக்கும் பெருமையாக இருந்திருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் தப்பை எழுத வேண்டும் என்பதுதான் விதி.

ஐந்நூறு மீட்டருக்குள் இரண்டு அங்கன்வாடி இருந்தால், பிள்ளைகள் குறைவாக உள்ளதை மூடி மற்றதோடு சேர்த்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. சந்தைப்பேட்டையில் முப்பத்தொரு பிள்ளைகள், கிழக்குத் தெருவில் பத்தொன்பது. கிழக்குத் தெரு மூடப்படும். டீச்சருக்கு எங்கே இடம் காலியோ அங்கே மாற்றல். உத்தரவின் வரைவோடு என் படம் இணைக்கப்பட்டிருக்கிறது. மூன்று நிறத்தில், கீழே என் பெயரோடு. ரத்தினகுமார் கை கொடுத்தார்.

மதியம் அங்கன்வாடிக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. டீச்சர் உட்காரச் சொன்னார். பஞ்சவர்ணம் அக்காதான், “வரஞ்சது யாருன்னு தெரிஞ்சா நாலு கேள்வி கேக்கணும்” என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

சரக்கு ரயில் வந்தது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நானும் வாய்விட்டு எண்ண ஆரம்பித்து, ஏழாவது பெட்டியில் நிறுத்திவிட்டேன். எனக்கும் சந்தைப்பேட்டைக்கும் நடுவில்தான் அந்த ரயில் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாள் அதை நின்று எண்ணியிருக்கிறேன், கையாட்டியிருக்கிறேன். அழகாக இல்லை என்று டிக்கை எடுத்தவனும் நான்தான். நானூறு மீட்டர் காகத்துக்கு. இந்தப் பிள்ளைகள் வடக்கே கேட் வரை போய்ச் சுற்றி வர வேண்டும், இல்லையென்றால் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்க வேண்டும். ஷிப்டுக்கு ஓடும் தாய் எதைச் செய்வாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“படம் நான் வரைஞ்சது டீச்சர்” என்றேன்.

“தெரியும் சார். கீழ பேர் இருந்துச்சே” என்றார். அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 23, திங்கள்

ஷப்னம் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிக் எடுத்தது உட்பட. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார், அப்புறம் உடனே வேலையில் இறங்கினார். வட்டம் பொய் சொல்லவில்லை, அது பறக்கும் தூரத்தைச் சொன்னது. நடக்கும் தூரம் வேண்டுமென்றால் வழிகளின் கோடு வேண்டும். எங்களிடம் இருக்கும் சாலை லேயரோ பாதிதான் முடிந்திருக்கிறது, அதிலும் கேட்டுக்குப் போகும் வழி இன்னும் வரையப்படவில்லை.

வரும் திங்கள் பயிற்சி நிறைவுக் கூட்டம். ஆணையர், வார்டு உறுப்பினர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் வருகிறார்கள். உத்தரவில் அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அதற்குள் வாயால் சொன்னால் போதாது, வரைபடத்தால் வந்த வினையை வரைபடத்தால்தான் எடுக்க முடியும் என்றார்.

“உங்க போன்ல நடந்த தடம் இருக்கே சார்” என்றார் திடீரென்று.

ஒரு நாள் தடத்தை வெட்டிக் காட்டலாமே என்றேன். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. “ஒரு நாள் மட்டும் காட்டினா, நீங்க வேணும்னே சுத்திப் போனீங்கன்னு சொல்லிருவாங்க. எல்லா நாளும் அதே வழியில போயிருந்தா, அதுதான் வழின்னு ஒத்துக்கணும். தேதி நேரத்தோட முழுசா காட்டுங்க. எத்தன தடவ அந்தப் பக்கம் போனீங்க?”

சில தடவை என்றேன்.

ஜூன் 26, வியாழன்

தடத்தைத் திறந்து பார்த்தேன்.

சில தடவை இல்லை.

சிவப்புக் கோடு ஆபீசிலிருந்து கிளம்பி, சந்தைப்பேட்டை அங்கன்வாடி வாசலைத் தாண்டி, கேட் வரை போய், வளைந்து தெற்கே இறங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விழுந்து விரல் தடிமனுக்கு இருக்கிறது. ரேஷன் கடைக்கு ஒரு மெல்லிய கோடு. கழிப்பறைகளுக்கு ஒவ்வொரு மெல்லிய கோடு. மீதியெல்லாம் வேப்பமரத்தடியில் போய்ச் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கிடக்கிறது. ஜூன் 15, ஞாயிறு, காலை முழுவதும் பலகைக்கு நேராக ஒரே இடத்தில் ஒரு குமிழி. ஒவ்வொன்றின் மேலும் கர்சரை வைத்தால் தேதியும் நேரமும் வருகிறது.

அந்த வேப்பமரத்தால் துல்லியம் வராது என்பது உண்மை. ஆனால் இவ்வளவு உண்மை இல்லை.

ஜூன் 28, சனி

இதைக் காட்டினால் ஓய்வு பெறும்வரை ஆபீசில் என்னை வேப்பமரம் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் முன்னால் எப்படி நிற்பது? அவர் தப்பாக எடுத்துக்கொண்டால்?

வேறு வழி யோசித்தேன். ரத்தினகுமாரின் தடத்தைக் கேட்டேன். அவர் போனை வீட்டில் சார்ஜரில் போட்டுவிட்டு டீக்கடையில் இருந்திருக்கிறார். அவருடைய மூன்று வாரமும் ஒரே புள்ளி.

ஜூன் 29, ஞாயிறு

கூட்டத்துக்குப் படம் தயார் செய்துகொண்டிருந்தேன். அம்மா காபியோடு பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“இது என்னடா, இத்தன சுத்து?”

நான் நடந்த வழி என்றேன். அம்மா கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு, கோட்டைக் கடைசி வரை விரலால் தொடர்ந்தார். நூல்கண்டுக்கு வந்ததும் விரல் நின்றது. நீலப் பெயின்ட் இங்கதான் பட்டுச்சா என்று கேட்டார். அங்கே என்ன இருக்கிறது என்றார். அங்கன்வாடி என்றேன், மூடப் போகிறார்கள் என்றேன், நான் வரைந்த வட்டத்தால் என்றேன். இந்தக் கோட்டைக் காட்டினால் மூட மாட்டார்கள், ஆனால் எல்லோரும் சிரிப்பார்கள் என்றும் சொன்னேன்.

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. பிள்ளைங்க தண்டவாளத்துல எறங்கணுமா?” என்றார் அம்மா. பிறகு காபி ஆறுகிறது என்றார். வேடசந்தூர் வரனின் போட்டோவை அலமாரியிலிருந்து எடுத்து, திருப்பி அனுப்ப ஒரு கவரில் போட்டதைப் பார்த்தேன்.

ஜூன் 30, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூட்ட அரங்கு நிறைந்திருந்தது. டீச்சரும் பஞ்சவர்ணம் அக்காவும் மூன்றாவது வரிசை. செல்லத்துரை முன் வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையில். முதலில் என் பழைய வட்டப் படத்தைப் போட்டேன். இதில் ஒரு தப்பு இருக்கிறது, செய்தவன் நான் என்றேன். ரயில் பாதை லேயரில் டிக் வைத்தேன். கறுப்புக் கோடு இரண்டு அங்கன்வாடிக்கும் நடுவில் விழுந்தது. பறந்தால் நானூறு மீட்டர், நடந்தால் எவ்வளவு என்று பார்ப்போம் என்று சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தடத்தைத் திறந்தேன்.

சிவப்புக் கோடு தடிமனாக வந்து விழுந்தது. அரங்கில் ஒரு சலசலப்பு. சந்தைப்பேட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எந்த நாள் போனாலும் கேட் வழிதான், வேறு வழி இல்லை என்று சொல்லி முடித்தேன். ஆணையர் எழுந்து திரைக்கு அருகில் வந்தார். கர்சரை அங்கே இங்கே நகர்த்தச் சொல்லி ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். தூரத்தில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறு இடத்தில்.

“பதினஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழம. அங்கன்வாடி லீவு. ஒரே இடத்துல மூணு மணி நேரம் நின்னு என்னத்த அளந்தீங்க?”

அளக்கவில்லை என்றேன். பலகைக்குப் பெயின்ட் அடித்தேன் என்றேன். பிள்ளைகள் இருக்கும் நாளில் அடித்தால் வாசனை ஒத்துக்கொள்ளாது என்பதால் ஞாயிறு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் மைக்கில் நன்றாகக் கேட்டிருக்கிறது. எல்லாத் தலைகளும் ஒன்றாகச் செல்லத்துரை பக்கம் திரும்பின. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடமைன்னு பொதுவாத்தான் சொன்னேன் என்றார். அரங்கு சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன் பஞ்சவர்ணம் அக்கா எழுந்து நின்றார்.

“ஞாயிறு சரிங்க. மத்த நாளெல்லாம் எதுக்கு வந்தாருன்னு கேளுங்க.”

ஆணையர் கேட்கவில்லை. நல்ல மனிதர். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்றாவது வரிசையைப் பார்த்தார். “வழி நல்லாத் தெரிஞ்ச ஆளு சொல்றாரு, கிழக்குத் தெருவ மூட வேண்டாம்” என்று உத்தரவின் வரைவில் குறுக்குக் கோடு போட்டார். இனிமேல் எந்தப் படத்திலும் ரயில் பாதையை மறைக்கக் கூடாது என்று கூடவே ஓர் உத்தரவும் போட்டார்.

டீச்சர் பக்கம் நான் திரும்பவே இல்லை. கூட்டம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் குரல் கேட்டது.

“போர்டு நீங்கதான்னு அன்னைக்கே தெரியும் சார். மறுநாள் வந்தப்ப உங்க வாட்ச் பட்டையில நீலம் இருந்துச்சு.”

அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா அடுத்த நாள் வர மாட்டீங்கல்ல.”

பஸ் வந்துவிட்டது என்று பஞ்சவர்ணம் அக்கா அவரை இழுத்துக்கொண்டு போனார். நான் படிக்கட்டிலேயே அசையாமல் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. அதை எழுதினால் என்ன? சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

ஆபீசில் இதுவரை எட்டு பேர் ‘வேப்பமரம்’ என்று கூப்பிட்டாயிற்று. ஒன்பதாவது ஆள் ரத்தினகுமார். திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

கிழக்குத் தெருவுக்குப் போக ஒரு காரணமும் மிச்சமில்லை. எல்லாப் புள்ளியும் சரியாக இருக்கிறது. இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் போனில் ஒரு செய்தி. டீச்சரிடமிருந்து. இரண்டு எண்கள், அதன் கீழே ஒரு வரி.

முதல் எண் எழுபத்தேழு புள்ளியில் தொடங்கியது. இரண்டாவது பத்து புள்ளியில். பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் கொடுத்த வரிசையிலேயே, அட்சம் கேட்கும் இடத்தில் எழுபத்தேழைப் போட்டுப் பார்த்தேன். பனிக்கடல். எங்கள் ஊர்க் குழாய்கள் கிடந்த அதே இடம். கீழே இருந்த வரி இது: ‘எங்க வீடு. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு அம்மாவக் கூட்டிட்டு வாங்க. குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கோங்க.’

எண்களை இடம் மாற்றினேன். உலகம் சர்ரென்று சுழன்று கீழே இறங்கியது. ரயில் பாதைக்கு மேற்கே, பூங்கா தெருவில், மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்த வீட்டின் வாசலில் புள்ளி விழுந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி. இத்தனை நாள் நான் கேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். அவரும் தினமும் அதே கேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போய் வந்திருக்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா மதியமே புடவை மாற்றிவிட்டார். எவ்வளவு தூரம் என்று கேட்டார். பறந்தாலும் நடந்தாலும் பக்கம்தான் என்றேன். பயிற்சி முடிந்துவிட்டது, தடப் பதிவை நிறுத்தவா என்று போன் கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறேன்.

மணி மூன்றே முக்கால். கிளம்புகிறோம். மீதி சொந்த விஷயம், இதில் வராது.